"கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வராமல் இருக்க, பதிவறையில் என்ன மாற வேண்டும்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 1970களில் கால்வாய்க்காக அவருடைய தாத்தா நிலத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்தது. அதற்கான அவார்டு, அதாவது இழப்பீட்டைத் தீர்மானித்த உத்தரவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, "பதிவறையில் தேடியதில் கோப்பு கிடைக்கப்பெறவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. பழைய கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்துவிட்டால் இந்த நிலை மாறுமா, இல்லையென்றால் வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

வருவாய்த் துறையில் நீண்ட காலம் இருந்தவன், பதிவறைப் பொறுப்பையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்கேன் மட்டும் செய்தால் மாறாது. ஓர் அலுவலகத்தில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, எந்த அலமாரியில் எந்தக் கட்டில் இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டன, எவை வேறு அலுவலகத்துக்குப் போயின என்ற பட்டியல் முதலில் வேண்டும். அந்தப் பட்டியல் மக்கள் பார்வைக்கும் வர வேண்டும். ஸ்கேன் அதற்கு அப்புறம்தான். பட்டியல் இல்லாமல் செய்கிற ஸ்கேன், தேட முடியாத காகிதத்தைத் தேட முடியாத படமாக மாற்றும், அவ்வளவுதான்.

இது என் சொந்த யோசனை இல்லை. 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமே இதைத்தான் சொல்கிறது. எல்லோருக்கும் தெரிந்தவை பிரிவு 6, அதாவது மனு போடுவது, பிரிவு 7, அதாவது 30 நாளில் பதில். இவற்றுக்கு முன்னால் பிரிவு 4 இருக்கிறது. அதன் முதல் கட்டளை 4(1)(அ): ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை எல்லாம் வகைப்படுத்தி, அட்டவணையிட்டு, மக்கள் தகவல் பெறுவதற்கு எளிதாக இருக்கும் விதத்தில் வைத்திருக்க வேண்டும். கணினியில் ஏற்றத் தக்கவற்றை நியாயமான காலத்துக்குள் ஏற்ற வேண்டும். 4(1)(ஆ)வில் வரும் 17 வகைத் தகவல்களைத் தானாக வெளியிட 120 நாள் கெடு கொடுத்தார்கள். 4(1)(அ)வில் அட்டவணையிடும் வேலைக்கு அப்படி ஒரு நாள் கணக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பகுதியைப் பெரும்பாலான அலுவலகங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-இல், நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நம் பதிவறைகள் இப்படி இருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தகவலை மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 8-லும் 9-லும் வரிசையாக இருக்கின்றன. "கிடைக்கவில்லை" என்பது அந்த வரிசையில் இல்லை. 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணத்தை இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது. முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். அதே நேரம், விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து முறையாக அழிக்கப்பட்ட ஆவணத்தைக் கொடு என்று கேட்க முடியாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2011-இல் விடைத்தாள் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே, கோப்பு முறைப்படி அழிக்கப்பட்டதா, இல்லை தொலைந்துபோனதா என்பதுதான் உங்கள் வழக்கின் முக்கியமான கேள்வி. உங்களுக்கு வந்த ஒரு வரிப் பதில் அதைச் சொல்லவே இல்லை.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தர்மபுரி 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. அதாவது, கிருஷ்ணகிரிக்காரர் ஒருவருடைய குடும்பத்து ஆவணம் 1960-ஐச் சேர்ந்தது என்றால் அது சேலத்தில் பிறந்து, தர்மபுரிக்கு வந்து, அப்புறம் கிருஷ்ணகிரிக்குப் போயிருக்க வேண்டும். மூன்று இடத்தில் எங்கு வேண்டுமானாலும் நின்றுபோயிருக்கலாம். வட்டங்களும் இப்படித்தான். பாலக்கோட்டிலிருந்து காரிமங்கலம், தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி, ஓசூரிலிருந்து சூளகிரி, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி. பிரிக்கும்போது கிராமக் கணக்குகளை, அதாவது அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகியவற்றை ஒப்படைப்பதில் கவனம் இருக்கும், ஏனென்றால் மறுநாளே அவை வேலைக்கு வேண்டும். முடிந்துபோன பழைய கோப்புகளை யாரும் அவசரமாகக் கேட்பதில்லை. எந்தக் கட்டு எங்கே போனது என்பதற்கு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று மட்டும்தான் சாட்சி. அதுவும் சில இடங்களில் ஒரு பழைய கண்காணிப்பாளரின் ஞாபகத்தில்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கலாம். பெரிய திட்டத்துக்கு நிலம் எடுக்கும்போது, நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகம் என்று தற்காலிகமாக ஒன்றைத் திறப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கலைத்துவிடுவார்கள். கோப்புகள் ஆட்சியர் அலுவலகத்துக்கோ கோட்டாட்சியர் அலுவலகத்துக்கோ போகும். கலைந்த அலுவலகத்தின் கோப்புக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை. என் அனுபவத்தில் அதிகம் தொலைவது இந்த வகைக் கோப்புகள்தான். ஆனால் அந்தக் கோப்பு எழுந்தபோது அதன் சாயல் பல இடத்தில் விழுந்திருக்கும். 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் பிரிவு 4(1) அறிவிக்கையும் பிரிவு 6 அறிவிப்பும் அரசிதழில் வந்தாக வேண்டும். பழைய அரசிதழ்த் தொகுதிகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலத்தைக் கேட்ட துறையிடம், கால்வாய் என்றால் அன்றைய பொதுப்பணித் துறையிலிருந்து 2021-இல் பிரிந்த நீர்வளத் துறையிடம், ஒரு படி இருக்கும். இழப்பீடு போதாது என்று யாராவது பிரிவு 18-இல் நீதிமன்றம் போயிருந்தால் அந்த வழக்குக் கட்டில் அவார்டு இணைந்திருக்கும். எடுத்த பகுதியை உட்பிரிவு செய்து கிராமக் கணக்கில் புறம்போக்காக மாற்றியிருப்பார்கள். 1980களில் முடிந்த யு.டி.ஆர்., அதாவது நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தின் கணக்குக்கு முந்தைய பதிவேட்டையும் இப்போதைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் தெரியும், சில சமயம் உத்தரவு எண்ணும் தேதியும் கிடைக்கும். அந்த எண் கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

சரி, கோப்பு எந்தக் கட்டத்தில் தொலைகிறது என்று பார்ப்போம். தபால் வந்ததும் ந.க. எண், அதாவது கோப்பு எண் போட்டு, சம்பந்தப்பட்ட எழுத்தர் தன் கையில் உள்ள கோப்புகளைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டில் ஏறும். நடவடிக்கை நடக்கிற வரை அந்தக் கோப்புக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. மாதாமாதம் தன்பதிவேட்டைப் பார்க்கிற அதிகாரியும் உண்டு. முடிவு எடுத்த பிறகு, எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று வகை போடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். அப்புறம் பதிவறைக்குப் போக வேண்டும். சீரழிவு தொடங்கும் இடம் இதுதான். முடிந்த கோப்பைப் பதிவறைக்கு அனுப்பாமல் தன் மேசைக்குப் பின்னால் கட்டி வைக்கிற பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. மாறுதல் உத்தரவு வந்ததும் அந்தக் கட்டு அப்படியே நிற்கும். புதிதாக வருபவர் நடப்புக் கோப்புகளை மட்டும் பொறுப்பேற்பார்.

வகை போடுவதிலும் அக்கறை குறைவு. நிலத்தின் உரிமையைத் தொடும் உத்தரவுக்கு நி.மு. போட வேண்டும். அவசரத்தில் ப.மு. போட்டுவிட்டால், பத்தாண்டு கழித்து விதிப்படியே அது அழிந்துவிடும். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரே ஆதாரம் போய்விட்டது. அதேபோல, நீதிமன்றத்துக்கோ அரசு வழக்கறிஞருக்கோ தணிக்கைக்கோ கோப்பை எடுத்துக் கொடுக்கும்போது, கோப்பு இருந்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்பது பழைய விதி. யார் எடுத்தார், எப்போது, எதற்கு என்ற மூன்று விவரம்தான். இந்தச் சீட்டு இல்லாததால் எத்தனையோ கோப்புகள் தொலையாமலேயே தொலைந்திருக்கின்றன. கோப்பு உயர் நீதிமன்ற வழக்குக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கும், ஆனால் அலுவலகத்தில் "கிடைக்கவில்லை" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஆவணம் எத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதை அலுவலக வசதியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அரூர் வட்டம் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் மீது கொடுமை நிகழ்த்தினார்கள். தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தொரு ஆண்டு. ஒரு துறையின் பணிப் பதிவேடு, வாகன ஓட்டப் பதிவேடு, முகாம் உத்தரவு போன்றவை சாதாரண நாளில் மூன்றாண்டுக்குக்கூட மதிப்பில்லாத காகிதம். இப்படி ஒரு நாளைக்கு அவைதான் யார் எங்கே இருந்தார் என்பதற்குச் சான்று. அதனால் புகார், விசாரணை, வழக்கு என்று ஏதாவது தொடங்கிவிட்டால், அது தொடர்பான எல்லாப் பதிவேட்டுக்கும் அழிப்புத் தடை போட்டு, கட்டின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். தகவல் கேட்டு மனு வந்த பிறகு அந்தத் தகவலை அழிப்பது பிரிவு 20-இன் கீழ் தண்டம் விதிக்கத்தக்க குற்றம் என்பது பல அலுவலகங்களில் இன்னும் தெரியாது. நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற தண்டமும் அதே பிரிவில்தான் வருகிறது.

மாவட்ட அளவில் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பேன். பதிவறைக்கு என்று பெயர் குறிப்பிட்ட ஓர் எழுத்தர், வேறு வேலை கொடுக்காமல். ரெக்கார்டு கிளார்க் பணியிடம் காகிதத்தில் இருக்கும், அந்த ஆள் தேர்தல் வேலையிலோ வேறு பிரிவிலோ இருப்பார். தூசியும் கரையானும் வெள்ளிப்பூச்சியும் இருக்கிற அறைக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். அந்த அறைக்கு வெளிச்சம், காற்று, தரையிலிருந்து உயர்ந்த இரும்பு அலமாரி, முகக்கவசம், கையுறை எல்லாம் கொடுப்பது ஆடம்பரம் இல்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே நிரந்தரக் கோப்பை வைத்துவிட்டு ஊழியரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

அடுத்து, பட்டியல். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. நி.மு. கோப்புகளிலிருந்து தொடங்கலாம். கோப்பு எண், ஆண்டு, கிராமம், புல எண், பொருள், பக்க எண்ணிக்கை, அலமாரி எண், கட்டு எண். ஒரு கோப்புக்கு ஒரு வரி போதும். இந்த ஒரு வரியை யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் அலுவலகங்களில் பல ஆண்டுகள் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் குறிகளாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கணினிக் கோப்புகளை மாற்றும் மென்பொருளும் இருக்கிறது. ஆனால் மாற்றச் சொல்லி யாரும் உத்தரவிடாததால் அப்படியே கிடக்கின்றன.

பெயர் எழுதுவதிலும் நம் பக்கத்தில் கவனம் வேண்டும். தர்மபுரி, தருமபுரி என்று மாவட்டத்தின் பெயரையே இரண்டு விதமாக எழுதுகிறோம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற மக்கள் நிறைய. ஒரே ஆளின் பெயர் ஒரு பதிவேட்டில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். அதனால் ஆள் பெயரை மட்டும் நம்பித் தேடும் பட்டியல் உதவாது. வருவாய்க் கிராம எண்ணும் புல எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணும் புதிய எண்ணும் இரண்டும் வேண்டும்.

இந்தப் பட்டியலை மாவட்ட இணையதளத்தில் போட்டுவிட்டால் மனுக்களின் தன்மையே மாறிவிடும். இப்போது மக்கள் "1970 முதல் 1980 வரை என் நிலம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்கிறார்கள், ஏனென்றால் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பட்டியல் இருந்தால் கோப்பு எண்ணைச் சொல்லியே கேட்பார்கள். எழுத்தருக்கும் வேலை குறையும். ஆனால் சாதிச் சான்று விசாரணை, மருத்துவ உதவி, குடும்ப வழக்கு போன்ற கோப்புகளின் தலைப்பில் ஆள் பெயரை அப்படியே வெளியிடக் கூடாது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதில் கூடுதல் கவனம் தேவை. அதைக் காரணம் காட்டிப் பட்டியலையே மறைப்பதும் சரியில்லை.

ஸ்கேன் செய்யும்போது எதை முதலில் எடுப்பது என்பதில் என் கருத்து: அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் நைந்துபோனதும் முதலில். பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) பதிவேடுகள், அவார்டுகள், அரசு நிலத்தை மக்களுக்குக் கொடுத்த ஒப்படைப் பட்டா கோப்புகள், பஞ்சாயத்துத் தீர்மானப் பதிவேடுகள். ஸ்கேன் முடிந்ததும் மூலத்தை அழித்துவிடக் கூடாது. படத்தை ஒரே கணினியில் மட்டும் வைக்கவும் கூடாது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இணையத்தில் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிற அளவுக்குத் தமிழ்நிலம் என்ற அரசின் நில ஆவணக் கணினி அமைப்பு வந்துவிட்டது. அது பெரிய காரியம். ஆனால் அது காட்டுவது இன்றைய நிலை. இந்த நிலைக்கு எப்படி வந்தது, யார் உத்தரவில் பெயர் மாறியது என்பதற்கான விடை இன்னும் காகிதக் கோப்பில்தான் இருக்கிறது.

கேட்காமலேயே கொடுக்க வேண்டியவையும் நிறைய. நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஒரு குக்கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு என்ற பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு தாய் பத்து ரூபாய் கட்டி 30 நாள் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அது ஊராட்சி அலுவலகச் சுவரிலேயே இருக்க வேண்டும். ராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் ஜன் சூசனா என்ற இணையதளத்தைத் தொடங்கி, ரேஷன், வேலை உறுதித் திட்டம், ஓய்வூதியம் என்று ஊர் வாரியாக, திட்டம் வாரியாகத் தகவலைத் தானாக வெளியிடுகிறது. பிரிவு 4-ஐ நடைமுறைப்படுத்துவது எப்படி என்பதற்கு நான் பார்த்ததில் அதுதான் நல்ல முன்மாதிரி.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1792-இல் பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி நிர்ணயித்தார்கள். மன்றோ தர்மபுரியிலேயே தங்கியிருந்தார். அவர்கள் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் காக்கப்பட்டு, பின்னாளில் அச்சிலும் வந்தன. இருநூறு ஆண்டு தாண்டிய காகிதத்தை இன்று படிக்க முடிகிறது என்றால், ஐம்பது ஆண்டு காகிதத்தையும் காப்பாற்ற முடியும். வரி வசூலுக்கு எடுத்த அக்கறையை மக்களின் உரிமைக்கும் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி உங்கள் மனுவுக்கு வருவோம். அவார்டு நகலை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். புது மனுவில் இவற்றைக் கேளுங்கள்: உங்கள் கிராமத்தில் அந்தக் கால்வாய்க்கு நிலம் எடுத்த கோப்பின் எண், அது முடிக்கப்பட்ட வகை, பதிவறைப் பதிவேட்டில் அது ஏறியிருக்கும் பக்கத்தின் நகல், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டின் பக்கமும் உத்தரவும், வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் ஒப்படைப்புப் பட்டியல். கூடவே, சட்டத்தின் பிரிவு 2(ஒ) தரும் உரிமையில், அந்தப் பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நேரில் போனால் எழுத்தரும் நீங்களும் சேர்ந்து தேடலாம். பாதி விஷயம் அங்கேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஊழியரிடம் சண்டை வேண்டாம், அவர் உருவாக்கிய குழப்பம் இல்லை அது. கோப்பு வேறு அலுவலகத்தில் இருப்பது தெரிந்தால், பிரிவு 6(3)-இன்படி உங்கள் மனுவை அவர்களே ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும்.

பழைய பதில் வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் முதல் மேல்முறையீட்டையும் விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் நகர்வு இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே வெறும் நகலோடு நிறுத்தாமல், பிரிவு 19(8)(அ)-ஐக் குறிப்பிட்டு, அந்த அலுவலகம் தன் ஆவணங்களைப் பராமரிக்கும் முறையையும் அழிக்கும் முறையையும் மாற்ற ஆணையிடுமாறு கேளுங்கள். அந்த அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது, கேட்பவர்கள்தான் மிகக் குறைவு. உங்களுக்கு வந்த பதிலையும், தபால் முத்திரையுள்ள அதன் உறையையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். 30 நாள் கெடு, பதில் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்துதான் ஓடும்.